மகளின் சைக்கிளுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் மகள் எங்கள் ஜெலுத்தோங் வீட்டிலிருந்து யாரையும் எழுப்பாமல் வெளியே போகப் பார்ப்பாள். பெடலில் மாட்டிக்கொள்ளும் காலணியைப் போட்டுக்கொண்டு, ஓட்டுத் தரையில் டக் டக்கென்று நடந்தபடி, யாரையும் எழுப்பாமல். நான் எப்படியும் விழித்துத்தான் கிடப்பேன். அவள் அப்பா எதற்கும் விழிக்க மாட்டார்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஐந்து நாள் நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போய் வருகிறவள் ஆறாம் ஏழாம் நாளில் தூங்க வேண்டியதுதானே. தூங்க மாட்டாள். சைக்கிளில் மலை ஏற வேண்டும். பத்து ஃபிரிங்கி வழியாகத் தெலுக் பாஹாங், அங்கிருந்து அணைக்கட்டைத் தாண்டி மேலே, பிறகு இறங்கிப் பாலிக் புலாவ், திரும்பவும் கெந்திங் மேடு, திரும்பவும் இறக்கம், தெலுக் கும்பார், கடைசியில் வீடு. எங்கள் தீவை முழுதாக ஒரு சுற்று. கடற்கரை ஓரமாகச் சமதளத்தில் நல்ல சாலை இருக்கிறதே, அதில் நாலு முறை போய் வந்தால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல என்னாமா இருக்கு? போரிங்லா."

"மலையில என்ன இருக்கு?"

"ஏத்தம் இருக்கு. அப்பறம் எறக்கம் இருக்கு."

அவளும் அவளோடு ஓட்டுகிற கூட்டமும் இப்படித்தான். ஏறுவதற்காக ஏறுகிறார்கள். ஏறி முடித்ததும் அங்கே உட்கார்ந்து எதையும் பார்ப்பதுகூட இல்லை. படம் ஒன்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். வரும்போது முட்டியில் சேறு, முகத்தில் உப்புப் படிவு, வயிற்றில் எரிமலைப் பசி. அந்தப் பஞ்சு வைத்த கால்சட்டையைக் கம்பத்தில் காயப்போட்டால் பக்கத்து வீட்டு அக்கா வந்து, வீட்டில் யாருக்காவது இடுப்பில் அறுவைச் சிகிச்சையா என்று விசாரிக்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். டுரியான் பழக் காலம் வந்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. அந்த மாதங்களில் தீவிலும் அக்கரையிலும் கார் வைத்திருக்கிற அத்தனை பேரும் அந்த மலைச் சாலையில்தான் இருப்பார்கள். சாலையைப் பார்த்து ஓட்டுகிறவர் யாரும் இல்லை. சாலையோரம் எந்தப் பழக்கடையில் கூட்டம் குறைவு என்று பார்த்து ஓட்டுகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவில், விரலைவிடக் கொஞ்சம் அகலமான டயரில், என் மகள்.

அதனால் காரில் அவள் பின்னாலேயே போவது என்று முடிவெடுத்தேன்.

"வேணாமா. எனக்கு வெக்கமா இருக்கு," என்றாள்.

"வெக்கப்படு. உயிரோட இருந்து வெக்கப்படு."

அவள் அப்பா போர்வைக்குள்ளிருந்து, "ரெண்டு பேரும் வெளிய போயி சண்ட போடுங்களேன்," என்றார்.

மூன்று ஞாயிறுகள் போனேன். நாற்பது அடி இடைவெளி விட்டு, நான்கு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுங்க, முதல் கியரில். அவர்கள் மொத்தம் ஐந்து பேர். எல்லாருக்கும் மூத்தவர் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிற ஒரு தமிழ் முஸ்லிம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கடையில் கைலியோடு குழம்பு ஊற்றுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை பச்சைக்கிளி நிறத்தில் உடலோடு ஒட்டிய சட்டையில் வருவார். மற்ற மூவர் மகளோடு வேலை செய்கிற சீனப் பிள்ளைகள். என் காரைப் பார்த்து அவர்கள் சிரிப்பதும் தெரியும். இரண்டாவது வாரம் மகள் திரும்பி வந்து, "பொண ஊர்வலத்துல வர்ற மாதிரியே வர்ற, மா. மால மட்டுந்தான் இல்ல," என்றாள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகவே மூன்றாவது வாரமும் போனேன்.

அணைக்கட்டைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறும். ஒரு பக்கம் மலைச் சரிவும் வாய்க்காலும், இன்னொரு பக்கம் பள்ளம். அன்று மகள் வரிசையில் கடைசியாக ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று இருந்தேன். அடித்தால் எங்களைப் பார்த்துவிட்டார்கள் என்றுதானே பொருள்? அந்த நிமிடம் வரைக்கும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவளுக்கும் இந்த உலகத்துக்கும் நடுவில் நான் ஒரு சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வளைவில் காலிக் கூடைகளை ஏற்றிய லாரி ஒன்று பின்னாலிருந்து என்னைத் தாண்டியது. எதிரே மேலிருந்து ஒரு வேன் இறங்கியது. லாரிக்குப் போக இடமில்லை. எனக்கும் மகளுக்கும் நடுவில் நான் விட்டு வைத்திருந்த அந்த நாற்பது அடிதான் இருந்தது. அதற்குள் லாரி நுழைந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். என் கண்ணுக்கு முன்னால் கூடைகள் மட்டும் தெரிந்தன. மகள் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் தெரியவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. லாரி நகர்ந்ததும் அவளுடைய சைக்கிளின் பின்சக்கரம் புல்லுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. நான் காரை நடுச்சாலையில் போட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன். வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை:

"மா, காடிய ஓரமா போடு."

லாரிக்காரர் சற்று மேலே நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தார். வயதான மலாய்க்காரர். நான் தமிழ், மலாய் இரண்டிலும் கத்தினேன். அவர் திரும்பக் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கத்தவில்லை. மலாயில், பெரியம்மா முறை வைத்து, மெதுவாகச் சொன்னார்: "மக்சிக், நாலு விளக்கும் எரிந்தது. உங்கள் கார் பழுதாகி ஊர்கிறது என்று நினைத்தேன். அதற்கு முன்னால் சைக்கிள் இருப்பது எனக்குத் தெரியவே இல்லை."

அவளை மறைத்தது என் கார்தான்.

மேலே போயிருந்தவர்கள் திரும்பி இறங்கி வந்தார்கள். நாசி கண்டார் கடைக்காரர் முதலில் மகளின் தோள்பட்டையை அழுத்திப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். தலைக்கவசத்தைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் தேடினார். தண்ணீர்ப் புட்டியால் காயத்தைக் கழுவினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, தப்பு எம்மேலயும் இருக்கு. எப்பவும் கடைசியில வர்றது நான்தான். பின்னால வண்டி வந்தா குரல் குடுப்பேன். வளைவுக்கு அந்தப் பக்கம் காலியா இருந்தா கைகாட்டிப் போகச் சொல்வேன். இல்லன்னா கைய நீட்டி நிறுத்திருவேன். நீங்க வர ஆரம்பிச்சதும், அதான் அக்கா காடி பின்னால இருக்கேன்னு நான் முன்னாடி போயிட்டேன்."

"அப்ப நான் வராம இருந்திருந்தா?"

அவர் குனிந்து சைக்கிளின் கைப்பிடியை நேராக்கத் தொடங்கினார். விழுந்திருக்க மாட்டாள் என்று சொல்லாதது மரியாதை என்று இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் அந்த மரியாதையே எரிச்சலாக இருந்தது.

சைக்கிளைக் காரில் ஏற்று, வீட்டுக்குப் போகலாம் என்றேன் மகளிடம். அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பொட்டலத்தைக் கிழித்து எதையோ உறிஞ்சினாள்.

"ஏறிர்றேன்மா."

"கையப் பாரு."

"கையால ஏறல. காலால ஏறுறேன்."

"இப்ப எறங்கு, அடுத்த வாரம் ஏறிக்க."

"இப்ப எறங்குனா அடுத்த வாரம் வர மாட்டேன்மா. எனக்குத் தெரியும்." முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. அவளும் பயந்துதான் போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வேண்டியதும் அதுதானே, இனிமேல் வராமல் இருக்க வேண்டும் என்பதுதானே இத்தனை நாளும் நான் கேட்டது? கையில் கொடுப்பதுபோல் அது முன்னால் வந்து நின்றது. இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் காரில் ஏறி உட்கார்ந்திருப்பாள். நான் சொல்லவில்லை. பெரிய மனதினால் அல்ல. அந்தச் சாலையில் எதையும் சொல்கிற தகுதி அன்று எனக்கு இல்லை.

"நீங்க முன்னாடி போங்கக்கா," என்றார் கடைக்காரர். "பாலிக் புலாவ் சந்தைப் பக்கம் லக்சா கடையில உக்காருங்க. கொண்டாந்து விட்டுர்றேன்."

போனேன். விளக்கை அணைத்துவிட்டுத்தான் போனேன். மீன்சாறு ஊற்றிய லக்சா நூடுல்ஸ் வந்தது, ஆறியது. எதிர்மேசையில் ஒரு குடும்பம், எந்த டுரியான் கசக்கும் எது இனிக்கும் என்று உயிர் போகிற வாக்குவாதத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஐந்து பேரும் வந்தார்கள். மகள் தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, கேட்காமலேயே என்னுடையதையும் இழுத்துக்கொண்டாள். முழங்கையில் யாரோ துணி கட்டியிருந்தார்கள்.

"இன்னும் கெந்திங் மேடு இருக்கு," என்றாள், சாப்பிட்டுக்கொண்டே.

"தெரியும்."

"வராத."

"வரல."

கடைக்காரரிடம் யார் கடைசியில் போவது என்று கேட்டேன். நான்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். மறுபடி அதையே, அதே பொறுமையோடு சொன்னார். கடையில் காது கேளாத வாடிக்கையாளர்களிடம் பழகிய பொறுமை.

அவர்கள் போன பிறகு எனக்குத் தேவையில்லாத இரண்டு தேநீர் குடித்தேன். ஜெலுத்தோங்குக்குத் திரும்ப வேறொரு மலைப்பாதையும் உண்டு. அதில் போயிருக்கலாம். போகவில்லை, அதற்கு நல்ல காரணம் எதையும் என்னால் சொல்ல முடியாது. வயலும் ரம்புத்தான் தோட்டங்களும் முடிந்து மேடு தொடங்குகிற இடத்தில் அந்தப் பச்சைக்கிளிச் சட்டை தெரிந்தது. கடைசியில்தான் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மகளின் முதுகு.

எனக்குப் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. கடைக்காரர் திரும்பிப் பார்க்காமல் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டினார். நில் என்று அர்த்தம். என்னை அடையாளம் தெரிந்து காட்டினாரா, யாரோ ஒரு கார் என்று காட்டினாரா, தெரியாது. நான் மெதுவாகவே போனேன். வேன் மறுபடி அடித்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. வளைவு திரும்பி எதிர்ப்பக்கம் காலியாகத் தெரிந்ததும் அவர் கையை முன்னால் அசைத்தார். நான் சாலையின் முக்கால் பங்கு அகலத்தை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்தேன். பிறகு மகளை. குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த துணி நனைந்து கறுத்திருந்தது. தலையைத் தூக்கவில்லை.

கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். அதற்குள் அடுத்த வளைவு வந்து, சாலையைப் பார்க்க வேண்டியதாயிற்று.