எட்டாளுக்குச் சுற்றிய கிரிவலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். வேண்டுதலைக் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். மகளின் படிப்பைக் கேலி செய்வதாகவும் தோன்றிவிடக் கூடாது. தப்பாகக் கேட்டது என் காதுதான்.

நான் தேரடி வீதியில் தையல்காரன். படிப்பு எட்டாவது. மகளோ நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். சென்னையில் தற்காலிக வேலையில் இருந்தாள். ஒருநாள் போனில், "அப்பா, என் பேப்பர் வந்துடுச்சு" என்றாள். என் மனைவி அன்றைய தினசரியை வரி விளம்பரம் வரை தேடிவிட்டு, "இவ பேரக் காணோமே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பேப்பர் என்றால் ஆராய்ச்சிக் கட்டுரையாம். அது வந்தால் மட்டும் போதாது. மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரையில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். நாலு இடத்திலாவது அப்படி வந்தால்தான் வேலை நிரந்தரமாகும் என்றாள்.

மறுநாள் அண்ணாமலையார் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டேன்: "அவ வேலை நிலைக்கிற வரைக்கும், அவ எழுதினத எடுத்துச் சொல்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கிரிவலம் வரேன், அப்பனே."

ஆறு மாதம் ஒன்றுமில்லை. பிறகு போன் வந்தது.

"அப்பா! ஜப்பான்ல ஒருத்தர் என் பேப்பரச் சொல்லியிருக்காரு!"

"யாரும்மா?"

அவள் ஒரு பேரைப் படித்தாள். அது என் வாயில் நுழையவில்லை. பேருக்குப் பின்னால் "எட் ஆல்" என்று ஒன்றைச் சேர்த்தாள்.

"எட்டாளா?"

"ஆமாம்ப்பா, எட் ஆல்."

ஒருவரைக் கேட்டேன், அண்ணாமலையார் கூடவே எட்டு ஆளையும் அனுப்பிவிட்டாரே என்று நெகிழ்ந்துபோனேன். ஆக ஒன்பது சுற்று. வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் வெறுங்காலோடு கிளம்பினேன். ஒன்பது முடிவதற்குள் ஜெர்மனியில் ஓர் அம்மாள். அவரோடும் எட்டாள். அடுத்து ஒரு டெல்லிக்காரர். அவரோடும் எட்டாள்.

"உலகம் பூரா எட்டு எட்டு பேராத்தான் ஆராய்ச்சி பண்ணுவாங்களா? ஏழு பேரு, ஒம்போது பேரு கெடையாதா?" என்று மனைவி கேட்டாள்.

"மலையச் சுத்தி எத்தனை லிங்கம்? எட்டு. திக்குக்கு ஒண்ணு. அது அவரு கணக்கு."

அவள் என் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சப் போனாள். நடந்த காலால் தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. ரவிக்கை கொடுத்திருந்த ஓர் அக்கா, "பௌர்ணமிக்குத் தரேன்னீங்க, எந்தப் பௌர்ணமின்னு சொல்லலியே" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இருபத்து மூன்றாவது சுற்று முடிந்த வாரம் மகள் லீவில் வந்தாள். என் பாதத்து வெடிப்பைப் பார்த்து, "என்னாப்பா இது?" என்று பதறினாள். அவள் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மகள் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே என் காலைப் பிடித்து அழுதாள்.

"எட் ஆல்னா எட்டு ஆள் இல்லப்பா. 'மற்றும் பலர்'னு அர்த்தம்."

"சினிமா போஸ்டர்ல கடைசியா போடுவாங்களே, அதா?"

"அதேதான்."

மனைவியின் முகம் மலர்ந்தது. "அப்போ எட்டுக்கும் கம்மிதானே?"

ஆனால் நான் வேண்டியது ஆளுக்கு ஒரு சுற்று. "ஜப்பான்காரரு கூட எத்தனை பேரும்மா?"

"அவரோட சேத்து பதினேழு. ஜெர்மன்காரம்மா டீம் இன்னும் ஜாஸ்தி, முப்பத்தி..."

"போதும்டி!" என்று மனைவி அவள் வாயைப் பொத்தினாள். "எட்டாளே இருக்கட்டும்."

எனக்கு மனசு ஆறவில்லை. சந்நிதிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். "எட்டுன்னு நெனச்சுத்தான் நடந்தேன். இருபத்தேழு முடிச்சிடறேன். அதுக்கு மேல நடக்கணும்னா கால நீதான் தரணும்" என்றேன்.

இருபத்தேழாவது சுற்று முடித்துவிட்டு வீடு வந்தால் போன். நாலாவது இடத்திலும் வந்துவிட்டதாம், வேலை நிரந்தரமாம். ஆனந்தப்படுவதற்கு முன்னால், "இவரு கூட எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"யாருமே இல்லப்பா. ஒரே ஆள்!"

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே கோபுரம் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். இருபத்தெட்டாவது சுற்றுக்கு மகளும் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு வந்தாள்.

யாருக்காவது இதைச் சொல்வதானால் இருந்தபடியே சொல்லுங்கள். சுவைக்காக எட்டாளைப் பத்தாளாக்க வேண்டாம். அது அண்ணாமலையார் காதில் விழுந்தால், நடக்க வேண்டியது நான்.