சாதுவான நோ

டொக்டரின் இடத்தில் ரிசப்ஷனில் இருக்கிறவளை ஒருவருக்கும் பிடிக்காது. சில நாட்களில் எனக்கே என்னைப் பிடிப்பதில்லை.

உங்களுக்கும் தெரியும். நீங்களும் காலை எட்டு மணிக்குப் பல்லும் விளக்காமல், போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரே மியூசிக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்ற ஆக்கள்தானே. அந்த மியூசிக் முடிகிற இடத்தில் "இன்றைக்கு இடமில்லை" என்று சொல்கிற குரல் நான்தான். வயது பதினெட்டு. ஏ-லெவலில் பயோலஜி கவிழ்ந்தது. திரும்ப எடு என்று அம்மா சொன்னா, ஏலாது என்று நான் சொன்னேன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் உள்ள இந்த இடத்தில் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனதற்குக் கிடைத்த முதல் பலன் இந்த வேலை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். கேட்க வேண்டியவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

எட்டு மணி

என் வேலை சின்ன வேலை. என்ன வருத்தம், அதாவது உடம்புக்கு என்ன நோய், என்று கேட்க வேண்டும், கம்ப்யூட்டரில் உள்ள படிவத்தில் எழுத வேண்டும், ஒரு நிறம் போட வேண்டும். சிவப்பு என்றால் இன்றைக்கே டொக்டர். மஞ்சள் என்றால் இந்தக் கிழமைக்குள், ஏழு நாளுக்குள். பச்சை என்றால் எப்போது இடம் வருகிறதோ அப்போது. அந்த "எப்போது" பெரும்பாலும் மூன்று கிழமை.

என்ன வருத்தம் என்று கேட்டால் எங்கட ஆக்களுக்குக் கோபம் வரும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு மனுசன் தன் பெயரைச் சொன்னார், பிறந்த திகதியைச் சொன்னார், மகன் எந்த யூனிவர்சிட்டி என்றும் சொன்னார். வருத்தத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லாவிட்டால் நிறம் போட ஏலாது என்றேன். போனை வைக்க முதல் அவர் சொன்னது: "என்ரை மூலத்தைப் பற்றி உம்மோடை கதைக்கிறதுக்கு நீர் என்ன டொக்டரோ?"

நியூஜெர்சிக் கார்

குணம் அங்கிள் போனே எடுக்க மாட்டார். நேரே வருவார். இருபத்தாறு வருசம் லண்டனில் பஸ் ஓட்டிவிட்டு, போன வருசம்தான் ஓய்வு எடுத்தவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. பிரஷர் பார்க்க, காது பார்க்க என்று ஏதாவது சாட்டில் வந்து, ஜன்னலோரக் கதிரையில் இருந்து, அமெரிக்காவில் இருக்கிற தம்பி வரதனுக்கு ஸ்பீக்கரில் போன் போடுவார். எங்களுக்கு மத்தியானம் இரண்டு மணி, அங்கே காலை ஒன்பது. "வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறன் அண்ணை, காரிலை நிக்கிறன், சொல்லுங்கோ" என்றுதான் வரதன் அங்கிள் எப்போதும் தொடங்குவார். பிறகு சண்டை. எந்த நாட்டு வைத்தியம் திறம் என்று.

"எனக்கு முழங்கால் நொந்தா அடுத்த கிழமையே பெரிய டொக்டரைப் பாப்பன். உங்களுக்கு?"

"எனக்கு அடுத்த வருசம். ஆனா பில் வராது. நீ இன்சூரன்சும் கட்டி, பிறகு முதல் கொஞ்சக் காசை உன்ரை பொக்கற்றாலையும் கட்டி, அதுக்குப் பிறகும் அவங்கள் கடிதம் போடுவாங்கள், இது எங்கடை கணக்கிலை வராதெண்டு."

"தரமெண்டு ஒண்டு இருக்கண்ணை. காசுக்கேத்த வைத்தியம்."

"டேய், உனக்கு வருத்தம் வந்தா முதல்ல கணக்குப் பாக்கவேணும். எனக்கு வந்தா முதல்ல கலண்டர் பாக்கவேணும். இதிலை ஆர் பெரிய ஆள்?"

வெயிற்றிங் ரூம் முழுக்கச் சிரிக்கும். தமிழ் தெரியாத ஆக்களும் சிரிப்பார்கள். சத்தத்தைக் குறையுங்கோ அங்கிள் என்று நான் கத்துவேன். ஒருநாள், ஒஃபீஸ் கிளீனிங் முடித்து யூனிஃபோமோடு வந்திருந்த மேரி அன்ரி எழும்பிச் சொன்னா: "ரெண்டு பேரும் நல்ல சுகமா இருக்கிறியள், அதுதான் இவ்வளவு கதை. வருத்தக்காரர் இப்பிடிக் கத்தமாட்டினம்."

மூண்டு போடும்

ஒரு செவ்வாய்க்கிழமை குணம் அங்கிள் வந்தார். போனை எடுக்கவில்லை. நேரே மேசைக்கு வந்து, "சாதுவா வயித்திலை ஒரு நோ, பிள்ளை" என்றார்.

சாதுவா என்றால் எங்கட ஊர்ப் பேச்சில் லேசாக என்று அர்த்தம். சாதுவா மழை. சாதுவா காய்ச்சல். சாதுவா உறைப்பு. வீட்டில் கேட்டு வளர்ந்த சொல்தான். படிவத்தில் ஆங்கிலத்தில் "லேசான வலி" என்று அடித்தேன். எத்தனை நாள் என்று கேட்டேன். "கொஞ்ச நாள்தான்" என்றார். சாப்பாடு? "சாதுவா இறங்குதில்லை." ஒன்றிலிருந்து பத்துக்குள் நோவுக்கு எத்தனை போடட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஒரு மூண்டு போடும்" என்றார்.

அவருடைய பெல்ற்றில் புதிதாக ஒரு ஓட்டை குத்தியிருந்தது. மீதி பெல்ற் வாலாகத் தொங்கியது. நான் அதைக் கண்டேன். கண்டதை எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை. எனக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டிருந்தது, முன்னால் ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. பச்சை போட்டேன். மூன்று கிழமை என்றேன். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை. "நல்லது பிள்ளை. அவசரமெண்டு போட்டிடாதையும். நான் ஒருநாளும் சனத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினவனில்லை."

கடிதம்

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற கடிதங்களை ஸ்கான் பண்ணிப் போடுவதும் என் வேலை. மூன்று கிழமை கழித்து டொக்டர் அவரைப் பார்த்த அன்றைக்கே அவசரமாக ஆஸ்பத்திரிக்கு எழுதினா. பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. குணம் அங்கிள் கேலி பண்ணிய கலண்டருக்கு வேலையே இருக்கவில்லை. கடிதம் என் கைக்கு வந்தபோது மேலோட்டமாகத்தான் பார்த்தேன். கட்டி, ஈரலுக்கும் போயிருக்கிறது, சத்திரசிகிச்சை ஏலாது. பயோலஜி பெயில் விட்டவளுக்கும் விளங்குகிற ஆங்கிலம்.

அவருடைய பைலைத் திறந்து என் பச்சையைப் பார்த்தேன். நேரம், திகதி, கீழே என் பெயர். டொய்லெற்றுக்குப் போய் இருந்தேன். பிறகு மனேஜர் ஜெனட்டிடம் போய்ச் சொன்னேன். அவ கானாவிலிருந்து வந்தவ, ஆளும் பெரிசு குரலும் பெரிசு, இந்த மேசையில் எனக்கு முதல் இருந்தவ. நான் சொன்னதை முறைப்படி ஒரு அறிக்கையாக எழுதி டொக்டரிடம் கொடுத்தா. வருத்தம் என்னவென்று ஆஸ்பத்திரியில் குணம் அங்கிளுக்குச் சொல்லிவிட்டார்கள்; என் பச்சையைப் பற்றித் தானே அவரோடு கதைப்பதாக டொக்டர் சொன்னா. நான் அழுதுகொண்டு நின்றேன். ஜெனட் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நான் எத்தனை பேருக்குப் பச்சை போட்டேன் என்று எண்ணத் தொடங்கியிருந்தால் இந்தக் கதிரையில் ஒரு வருசம்கூட இருந்திருக்க மாட்டேன். மூக்கைத் துடை, போன் அடிக்குது."

டொக்டருக்கு முதல்

டொக்டர் கதைக்கும்வரை நான் காத்திருந்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. அடுத்த நாள் குணம் அங்கிள் மருந்துச் சீட்டு எடுக்க வந்தார். கோட்டுக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மேசையைச் சுற்றி வெளியே வந்து, அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து சொன்னேன். "அங்கிள், நீங்கள் சாதுவா எண்டு சொன்னதை நான் அப்பிடியே எழுதிப்போட்டன். வேறை நிறம் போட்டிருந்தா அண்டைக்கே டொக்டர் பாத்திருப்பா. பிழை என்னிலைதான்."

வெளியே ஒரு பஸ் வந்து நின்றது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடி அது வெளிக்கிட்ட பிறகு கேட்டார்.

"மூண்டு கிழமையிலை வித்தியாசம் வந்திருக்குமோ, பிள்ளை?"

"தெரியாது அங்கிள்." பொய் சொல்ல விருப்பமில்லை. வந்திருக்காது என்று டொக்டர் பிறகு அவரிடம் சொன்னாவாம். அன்றைக்கு எனக்குத் தெரியாதது தெரியாததுதான்.

"நான் மூண்டு எண்டு சொல்லேக்கை அது எட்டு" என்றார். "எட்டெண்டு வாயிலை வரேல்லை."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. சீட்டை நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தார். கதவடிக்குப் போனவர் திரும்பி வந்து, குரலைக் குறைத்துச் சொன்னார்: "இதை மட்டும் தம்பிக்குச் சொல்லிப்போடாதையும். வாதத்திலை அவன் வெண்டுபோடுவான்."

எங்கே கட்டுறது?

இரண்டு கிழமையில் வரதன் அங்கிள் நியூஜெர்சியிலிருந்து வந்து இறங்கினார். அண்ணனின் பிளாற்றில் தங்கி, சமைத்துக்கொடுத்து, சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தனியாக என் மேசைக்கு வந்தார். முதலில் கேட்டது: "எங்கை கட்டுறது?" கையில் பாங்க் கார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். டொக்டரைப் பார்க்கக் கட்டத் தேவையில்லை என்றேன். மருந்து எழுதினால் மருந்துக்கடையில் கொஞ்சம் எடுப்பார்கள் என்றேன். பிறகும் கார்ட்டை உள்ளே வைக்கவில்லை.

என்ன வருத்தம் என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்டுமில்லை. சாதுவா ஒரு தலைச்சுத்து."

நான் சிவப்புப் போட்டேன்.

நேர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு இன்னொரு கருவி கொண்டுவந்து திரும்பவும் பார்த்தா. மனுசனை வெளியே விடவில்லை. டொக்டர் பார்த்து முடித்து, மருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில், கேட்காமலே எனக்குச் சொன்னார். வேலை போய் ஏழு மாசம். வேலையோடு கொம்பனி கொடுத்த இன்சூரன்சும் போய்விட்டது. தனியாக எடுக்கலாம், ஆனால் கேட்கிற தொகை வீட்டு வாடகை அளவு. மனைவிக்குச் சின்னச் சம்பளம் ஒன்று இருப்பதால் அரசாங்கத்தின் இலவசத் திட்டத்துக்கும் சேர்க்க மாட்டார்களாம். பிரஷர்க் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அப்ப வேலைக்குப் போறன், காரிலை நிக்கிறன் எண்டு சொன்னது?"

"கார்தான். லைபிரரிக்குப் பக்கத்திலை பார்க் பண்ணிப்போட்டு இருக்கிறனான். வீட்டிலை இருந்து கதைச்சா பிள்ளையளுக்குக் கேக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. அண்ணனிடம் சொல்லித் துலையுங்கோவன் அங்கிள், இரண்டு பேரும் ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் சொன்னது: "சொல்லலாம் பிள்ளை. ஏழு மாசமா நான் சொன்னதெல்லாம் பொய்யெண்டு தெரிஞ்சா, சண்டை பிடிக்க அவருக்கு ஆளில்லாமப் போயிடும்."

இஞ்சின் சத்தம்

குணம் அங்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனார். எங்கட இடத்தில் அதுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. அதில் நிறம் இல்லை, ஒரு பெட்டி மட்டும்தான், அதில் சரி போட வேண்டும். ஜெனட் தான் போடுவதாகச் சொன்னா. வேண்டாம், நான் போடுகிறேன் என்றேன். போட்டவுடன், அவருக்கு அடுத்த மாசம் இருந்த காதுப் பரிசோதனை தானாகவே நீங்கி, அந்த இடம் காலியென்று திரையில் வந்தது. வேறு யாருக்கோ இடம்.

செத்தவீட்டுக்குப் போனேன். பஸ் ஓட்டுகிற ஆக்கள் நிறையப்பேர் யூனிஃபோமோடு வந்து, அழுதுவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, ஷிப்ட்டுக்குப் போனார்கள்.

வரதன் அங்கிள் திரும்பிப் போவதற்கு முதல்நாள் மேசைக்கு வந்தார். கையில் இரண்டு மாசத்துக் குளிசை. ஒவ்வொரு நாளும் போட வேண்டும் என்றேன். ஓம் என்றார். அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசிக் கிழமையில்கூட அண்ணன் அமெரிக்காவைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாராம். தானும் விட்டுக்கொடுக்கவில்லையாம். ஒரு பின்னேரம், தண்ணி பருக்கும்போது, திட்டுவதை நிப்பாட்டிவிட்டு அண்ணன் சொன்ன வசனத்தை அப்படியே எனக்குச் சொன்னார். சொல்லி முடித்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. குணம் அங்கிள் சொன்னது இதுதான்: "டேய், இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டினவனுக்கு ஓடுற காருக்கும் நிக்கிற காருக்கும் வித்தியாசம் தெரியாதோ? ஏழு மாசமா ஒருநாளும் உன்ரை இஞ்சின் சத்தம் எனக்குக் கேக்கேல்லை."

இப்போது என் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறது. "சாதுவா என்றால் சிவப்பு" என்று தமிழில் எழுதியிருக்கிறேன். நான் வராத நாளில் இருக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று ஜெனட் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினா. அதனால் சில நாட்களில் உண்மையாகவே சாதுவான ஆக்களும் உள்ளே போகிறார்கள், டொக்டர் என்னைத் திட்டிப் பேசுகிறா. பேசட்டும்.

அங்கே காசு கேட்பார்கள், இங்கே காத்திருக்கச் சொல்வார்கள், எங்கட ஆக்களோ எந்த நாடு திறம் என்று இரண்டு மணித்தியாலம் வாதாடிவிட்டு, என்ன வருத்தம் என்று கேட்டால் மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.