ஆறரைப் பதினாறு

எங்கள் நைனாவின் வண்டியைப் பார்த்தவுடன் யாருக்கும் மரியாதை வராது. ஜீப்பின் மூக்கு, பின்னால் பலகை அடித்த தொட்டி, அங்கங்கே உரிந்த நீல பெயிண்ட். குட்டி பிக்கப்தான். ஆனால் கல்மண்டபத்து மெக்கானிக் ஒருவர், காயலான் கடையில் கிடந்த ஒரு பெரிய காரின் இன்ஜினை அதற்குள் இறக்கிவிட்டிருந்தார். காலையில் நைனா ஸ்டார்ட் செய்தால் எங்கள் வீட்டு அலமாரியில் மாதா சுரூபம் ஆடும். திருவொற்றியூர் ரோட்டில் லாரிக்காரர்களே கையைக் காட்டி வழி விடுவார்கள். அதை வண்டி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குதிரை என்றுதான் சொல்ல வேண்டும்.

இறால் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. எண்ணூர் பக்கம் இருந்த ஒரு இறால் கம்பெனியின் ஆள் நைனாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காசிமேட்டிலிருந்து ஒரு முழு லோடு எடுத்து வரச் சொல்லியிருந்தார். ஐஸ் கரையாமல், இறால் தலை கறுக்காமல் போய்ச் சேர்ந்தால் சீசன் முழுவதும் நைனாவுக்கே லோடு. வழியில் நின்றுவிட்டால் வேறு வண்டிக்காரர் தயாராக இருக்கிறார் என்றும் சொல்லிவிட்டார். அதுவரை நைனாவுக்குக் கிடைத்தது எல்லாம் உதிரிச் சவாரிதான். ஒரு நாள் ஐஸ், ஒரு நாள் செங்கல், இரண்டு நாள் சும்மா.

பிரச்சினை டயர். நான்கும் தேய்ந்து, உள்ளே நூல் தெரிந்தது. அந்த நூலை நான்தான் முதலில் பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். மழை வந்தால் ஓடு ஒழுகுமோ என்று பயம், வராவிட்டால் குழாயில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயம். வீட்டில் யாராவது இருமினால் எனக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மாமா, அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் பாரம் தூக்கும் வேலை செய்தவர், ஒரு கைவண்டியில் நான்கு டயர்களோடு வந்து இறங்கினார். ஏலத்தில் எடுத்தாராம். ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு மேல் இருந்தது. பட்டை பட்டையாகப் பல். தெருவே கூடிவிட்டது.

“ஏழு பதினாறு, மச்சான்! ஒம் பழைய டயரு ஆறு பதினாறு. இது ஒரு தபா சுத்தினா எவ்ளோ தூரம் போவும் தெரியுமா? நீ காசிமேட்டுல கௌம்பினா எண்ணூரு தானா வந்து நிக்கும்!” என்றார் மாமா.

பதினாறு என்பது உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரத்தின் அளவு. முன்னால் சொல்லும் எண்தான் டயர் எவ்வளவு பருமன் என்பது. எட்டு வயதில் எனக்கு இது தெரியும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மட்டும் ஏறவில்லை.

மாட்டினார்கள். வண்டி ஒரு விரற்கடை உயர்ந்து, மார்பை நிமிர்த்தியதுபோல் நின்றது. நைனா தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். சும்மா சொல்லக் கூடாது, காற்றுபோல் வந்தது. நைனாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா தன் புதுச் சட்டையைத் தடவுவதுபோல் டயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் டயருக்கு மேலே கையை விட்டுப் பார்த்தேன். பழைய டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் கை முழுதாக நுழையும். இப்போது இரண்டு விரல்தான் நுழைந்தது. மேலே இறாலும் ஐஸும் ஏறினால் வண்டி கீழே இறங்காதா? இறங்கினால் இந்த இரண்டு விரல் எங்கே போகும்? வாயைத் திறந்து கேட்டுவிட்டேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னாம்மே, லைசென்ஸ் எப்போ எடுத்த? மச்சான், ஒம் பொண்ணு டயருக்கு சட்டை தைக்கப் போறா போல, அளவு எடுத்துகினு கீறா!”

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாதான் கரண்டியோடு வாசலுக்கு வந்து, “கொயந்த கேக்கறதுல இன்னா தப்பு? லோடு ஏத்தித்தான் பாரேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லோடுக்கு எங்கே போவது? அந்த நேரம் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நைனா ஒரு கணம் அவர்களைப் பார்த்தார். பிறகு தொட்டியின் பின்பலகையைத் திறந்துவிட்டு, “ஏறுங்க எல்லாரும், ஒரு ரவுண்டு வருவோம்” என்றார்.

பட்டுப்புடவைகளும் முக்காடுமாகப் பதினைந்து, பதினாறு பேர் ஏறியிருப்பார்கள். ரொட்டிக் கடை அக்கா ஏறியபோது வண்டி தனியாக ஒருமுறை குனிந்தது. “இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கறீங்க? நான் ஒருத்தி ரெண்டு பொட்டி எறாலுக்குச் சமம்” என்று அவரே சொல்லிக்கொண்டார். அதற்குள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வைத்திருந்த சாக்பீஸால் நான்கு மட்கார்டின் உள்பக்கமும் கெட்டியாகப் பூசிவிட்டேன். உரசினால் டயரில் வெள்ளை ஒட்டும் அல்லவா? ஐந்தாவதோடு படிப்பு நின்ற எனக்குப் பள்ளிக்கூடத்தால் கிடைத்த பெரிய லாபம் அந்தச் சாக்பீஸ்தான்.

கைதட்டலும் பாட்டுமாகக் கிளம்பினார்கள். நான் முன்னால் நைனாவுக்கும் மாமாவுக்கும் நடுவில். முதல் திருப்பத்திலேயே கீழே ‘கிரீச்’ என்றது. மாமா புது டயர் அப்படித்தான் பேசும் என்றார். ரயில் பாலத்து ஏற்றத்தில் குதிரை மூச்சு வாங்கியது. பாதியில் நின்றேவிட்டது. நைனா எத்தனை மிதித்தும் அசையவில்லை. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும்தான். ஆனால் அந்த ஒரு சுற்றைச் சுற்றுவதற்குள் இன்ஜினுக்கு உயிர் போகும். பூசைக்குப் போய் வந்த ஜனம் இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு தள்ளினார்கள். ரொட்டிக் கடை அக்கா மாமாவைப் பார்த்து, “எண்ணூரு தானா வந்து நிக்கும்னியே, எங்கப்பா காணோம்?” என்றார்.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தோம். முன்டயர் இரண்டின் தோளிலும் வெள்ளைக் கோடு. அதன்மேல் பிளேடால் சீவியதுபோல் ரப்பர் பெயர்ந்திருந்தது.

மாமா அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, “நான் கேட்டிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். பெரியவர்கள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பழையபடி ஆறு பதினாறு போதும் என்றார் மாமா. நைனா தலையாட்டவில்லை. ஆறுக்கு இழுவை வரும், ஆனால் எண்ணூர் ரோட்டுப் பள்ளத்தில் முழு லோடோடு அடி தட்டும். ஏழுக்கு உயரம் உண்டு, இழுவை இல்லை, இடமும் இல்லை. “ஆறரைப் பதினாறு கெடைச்சா ஷோக்கா இருக்கும்” என்றார் தனக்குத்தானே. மாமா நான்கு டயர்களையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவரின் டயர் கடை ஞாயிறு பூட்டியிருக்க, வீட்டுக்கே போய்த் தூக்கத்திலிருந்து எழுப்பி, மாற்றி வாங்கியிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் ஆறரைப் பதினாறு வந்துவிட்டது. மறுபடியும் ஜனம், மறுபடியும் சாக்பீஸ். பாலத்தில் வண்டி முனகாமல் ஏறியது. வெள்ளை வைத்த இடத்திலேயே இருந்தது. என் விரல் மூன்று தாராளமாக நுழைந்தது.

திங்கட்கிழமை காலை இறால் பெட்டிகள் ஏறியதும் நைனா என்னைப் பார்த்து, “நீயும் ஏறு. நீ இல்லாம டயருக்கு யாரு பயப்படறது?” என்றார்.

திருவொற்றியூர் தாண்டும்வரை எல்லாம் சரி. அதற்கப்புறம் ஒரு வளைவில், எதிரே லாரி ஒன்றை முந்திக்கொண்டு பஸ் வந்தது. முழு ரோடும் அவர்களுடையது. நைனா ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தார். முழு லோடோடு வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மணலில் குதித்து, ஒரு பனைமரத்தை ஒட்டிப் போய், மறுபடி ரோட்டில் ஏறியது. டயர் எங்கேயும் தட்டவில்லை, சக்கரம் எங்கேயும் சிக்கவில்லை. நைனா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினார்.

கம்பெனி ஆள் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஓர் இறாலை எடுத்து முகர்ந்தார். “நாளைலேர்ந்து வந்துடு” என்றார்.

நைனா அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வண்டியின் மறுபக்கம் போனார். முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, டயரின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நானும் போய்க் குந்தி, அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். “சூடே இல்ல நைனா” என்றேன்.

“இல்ல. கொஞ்சம் இரு கண்ணு” என்றார். பெட்டியெல்லாம் இறக்கி முடித்தும் அவர் எழவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு புயலில், என் வீட்டுக்காரர் போன படகு இரண்டு நாள் பிந்திக் கரைக்கு வந்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் மணலில் குந்தி மீன்கூடையின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தேன். “இன்னாம்மா தேடுற?” என்றாள் என் மகள். தேட ஒன்றும் இல்லை; எழுந்து நிற்கத்தான் முடியவில்லை, அன்று டயர் பக்கத்தில் நைனாவுக்கு முடியாததுபோல். “கொஞ்சம் இரு” என்றேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு எட்டு வயது. வீட்டுக்கு வந்ததும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்: “எங்க நைனா வண்டிய நிறுத்தினதும், ஜெயிச்சதக் கூட அப்பால தான் பாக்கும். மொதல்ல டயரத்தான் பாக்கும்!”