ஒன்பதாவது பொருள்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதால் என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன், ஜெயித்தேன். அதற்கு முன்னால் வாசல் அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த பிறகும் தைத்தேன். நகராட்சிக் கூட்டம் மாதத்துக்கு ஒரு நாள்தானே.

இரண்டாவது வருஷம் ஒரு கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், வழக்கம்போல் அலுவலக உதவியாளர் அஜெண்டாவை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்பதாவது பொருள் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற திடலைப் பற்றியது. பீங்கான் கம்பெனிகள் உடைசல்களைக் கொண்டுவந்து கொட்டிய இடம் அது. இப்போது மனை விற்கிறவர்கள் அதை மேடு பள்ளம் நிரவி வீட்டுமனை போட்டிருந்தார்கள். மனைகளுக்கு நடுவே வரும் சாலைகளையும் பூங்காவுக்கு விட்ட இடத்தையும் நகராட்சி தானமாக வாங்கிக்கொண்டு, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டும். கூடவே ஒரு வரைபடம் வைத்திருந்தார்கள்.

துணி வெட்டுகிற மேஜையில் அதை விரித்துப் பார்த்தேன். வாய்க்காலைக் காணோம்.

எங்கள் தெருவில் பெய்கிற மழை முழுவதும் அந்தத் திடலின் குறுக்கே ஓடித்தான் வடியும். வெயில் காலத்தில் அது வாய்க்கால் என்றே தெரியாது. கருவேலஞ்செடி மண்டிக் கிடக்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் முப்பதடிச் சாலை இருந்தது.

மறுநாள் தாலுக்கா ஆபீசுக்குப் போய் சர்வேயரைப் பார்த்தேன். பழைய படத்தை எடுத்துக் காட்டினார்.

"இதுலயும் வாய்க்கால்னு இல்லைங்கம்மா. தண்ணி தானா போன தடம். பதிவு இருந்தாத்தான் நாம கேக்க முடியும்."

"எங்க கண்ணு முன்னால ஓடுதுங்களே?"

"ஓடும்மா. படத்துல இல்லையே."

அன்று சாயங்காலம் எதிர் வீட்டுப் பெண் ரவிக்கைத் துணியோடு வந்தாள். பீங்கான் பொம்மை செய்கிற பட்டறையில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிறவள். புருஷன் வேப்பூரில் ரோட்டோர ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். துணியைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கூட்டத்துல நீங்க எதுத்துப் பேசப்போறீங்கன்னு சொல்றாங்க. மெய்யாவா?"

"தண்ணி போற வழிய அடைச்சிட்டாங்கடி. மழை வந்தா உன் வூட்டுக்குள்ளயுந்தான் வரும்."

"அது வாடகை வூடுக்கா. நாங்க அங்க மனை புடிச்சிருக்கோம். வேப்பூருக்கு அந்தாண்ட மங்களூர் பக்கம் எங்கம்மா குடுத்த நெலத்த வித்துட்டுத்தான் புடிச்சோம். அப்ரூவல் இல்லன்னா பேங்குல லோன் தர மாட்டாங்களாம்." மடியிலிருந்த துணியை நீவி விட்டாள். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கக்கா."

தெருவில் யார் யார் மனை வாங்கியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவள் வாயால் கேட்டேன். நான் யாருக்காகப் பேசப்போனேனோ அவர்களில் பாதிப்பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அளவு எடுக்கவா என்று கேட்டேன். அப்புறம் வரேன் என்று எழுந்து போய்விட்டாள்.

கூட்டத்தில் முதல் எட்டுப் பொருள்களும் டீ வருவதற்குள் முடிந்துவிட்டன. எழுத்தர் ஒன்பதைப் படித்ததும் எழுந்து நின்றேன். நான்கு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். கேட்டது இரண்டு.

"எங்க தெரு மழைத்தண்ணி எந்தப் பக்கமா போகும்ங்க?"

பொறியாளர் நல்ல மனிதர். "ரோட்டுக்கு அடியில குழாய் போடுவாங்கம்மா. நிபந்தனையில இருக்குது," என்றார்.

"எவ்ளோ பெரிய குழாய்ங்க?"

"தேவைக்குத் தக்கன போடுவாங்க."

பின்வரிசையில் ஒருவர், "அவங்க வார்டு ஜனங்களே அங்கதான் மனை வாங்கியிருக்காங்க," என்றார். சிரித்தார்கள். தலைவர், "உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிறோம்மா, உக்காருங்க," என்றார்.

எதிர்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நின்றுகொண்டே இருந்தேன். மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தவளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். மேஜையைத் தட்டி நிறைவேற்றினார்கள். அடுத்தது தெருநாய்ப் பிரச்சினை. அதற்கு அரை மணி நேரம் பேசினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. குழாய் போட்டுத்தான் இருந்தார்கள். சேறும் பீங்கான் உடைசலும் போய் அதன் வாயை முதல் நாளே அடைத்துக்கொண்டன. தண்ணீர் திரும்பித் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீடுகளுக்குள் ஏறியது. எதிர் வீட்டில் அடுப்பைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துச் சோறு ஆக்கினாள். அங்கே மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டியிருந்த குழிகளும் நிரம்பிவிட்டன. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்தான் கேட்டார்.

"நீங்கதானே கவுன்சிலரு? நீங்க அங்க இருக்கச்சதானே பாஸ் பண்ணாங்க?"

"ஆமாங்க," என்றேன்.

நகராட்சிக்குப் போய்த் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாவது பொருளுக்கு நேராக, 'ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது' என்று இருந்தது. என் கேள்விகள் இல்லை. வருகைப் பதிவில் என் கையெழுத்து இருந்தது. பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பெரிய குழாய் வைக்கலாம்மா. அது இப்ப நம்ம ரோடு. நாமதான் செய்யணும். மதிப்பீடு போட்டு அனுப்பியிருக்கேன்."

"எப்ப வரும்ங்க?"

"மேல இருந்து வரணும்மா."

எதிர் வீட்டுக்காரி வீடு கட்டி முடித்துவிட்டாள். தண்ணீருக்குப் பயந்து தரையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றியிருந்தாள். அந்த வரிசையில் எல்லோரும் அப்படித்தான் ஏற்றினார்கள். பால் காய்ச்ச என்னையும் என் வீட்டுக்காரரையும் வந்து அழைத்தாள். போய்விட்டு வந்தோம். நல்ல வீடு. அடுத்த மழைக்கு அந்த மேட்டுத் தண்ணீரும் சேர்ந்து எங்கள் தெருவுக்கு இறங்கியது.

அன்று காலையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ஆபீசில் சொல்லியிருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லியும் இருந்தேன்.