மச்சானின் உயிலும் என் சாட்சிக் கையெழுத்தும்

என் அக்காவைக் கட்டிய மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாற்பதை நான் தாண்டியதிலிருந்து என் மூக்கின் மேல் அவருக்கு ஒரு கண். “இந்த மூக்குக்குக் கறுப்பு ஃபிரேம் எடுப்பா இருக்கும் மாப்ள” என்று நச்சரிப்பார். நான் பிடி கொடுக்கவில்லை. வண்டி மெக்கானிக் எனக்குக் கண்ணாடி எதற்கு? எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று கையே சொல்லிவிடும்.

மச்சான் முதலில் கைக்கடிகாரம்தான் ரிப்பேர் பார்த்தார். மணி பார்க்க ஜனங்கள் போனை எடுக்க ஆரம்பித்ததும், “இனிமே எல்லாருக்கும் கண்ணுதான் கெடும்” என்று லென்ஸ் தேய்க்கும் மெஷினை வாங்கிப் போட்டார். பிழைக்கத் தெரிந்த மனுஷன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வியாழக்கிழமையானால் கடைக்குப் பூட்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இலவசக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், காசில்லாதவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு வருவார். கேட்டால், “வியாழக்கிழமை வியாபாரம் டல்லு மாப்ள” என்பார். பொய்.

அக்கா போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளைகுட்டி இல்லை. போன மாதம் ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து, “கடையையும் மெஷினையும் அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதி வைக்கப்போறேன். சாட்சிக் கையெழுத்து நீ போடணும்” என்றார்.

“போட்டுட்டாப் போச்சு.”

கடை மேல் எனக்கு ஆசை இல்லை. அவருடைய நீல ஸ்கூட்டர் மேல் இருந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து போன வண்டி. நாலு தடவை இன்ஜினைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். வாய்விட்டு மட்டும் கேட்டதில்லை.

வக்கீல் அறையில் இரண்டு ஃபேன், ஒன்றுதான் சுற்றியது. பக்கத்துக் கடைத் தையல்காரர் முதல் சாட்சி, நான் இரண்டாவது. “படிச்சுப் பார்த்துட்டீங்களா?” என்றார் வக்கீல். தாளைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்தேன். எழுத்தெல்லாம் எறும்பாகத்தான் ஓடியது.

“ஆச்சு” என்று கெத்தாகக் கையெழுத்தைப் போட்டேன்.

என் பேரைப் பார்த்த வக்கீல் நிமிர்ந்தார். “நீங்க இவர் மச்சினனா? மெக்கானிக்னுதானே சொன்னாரு?”

“ரெண்டும் நான்தான்.”

“போச்சு! ஸ்கூட்டரை உங்களுக்குன்னு எழுதியிருக்காரு. வாங்கிக்கிறவரே சாட்சி போட்டா அந்தப் பங்கு செல்லாதுங்க.”

மச்சான் என்னை முறைத்தார். “படிச்சுட்டேன்னு சொன்னியே மாப்ள!”

“எழுத்து பொடியா இருக்கு” என்று முனகினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார். உள்ளே கறுப்பு ஃபிரேம். எத்தனை நாளாகச் சுமந்தாரோ! மாட்டினேன். எறும்பெல்லாம் வரிசையில் நின்றது. ‘என் நீல ஸ்கூட்டர், அதை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்ட என் மைத்துனருக்கு.’

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். அந்த அறையில் தூசி ஜாஸ்தி.

“வேற சாட்சியோட நாளைக்கு வாங்க, புதுசா அடிச்சுடலாம்” என்றார் வக்கீல்.

“அடிக்கலேன்னா வண்டி யாருக்குப் போவும்?”

“மிச்சமிருக்கிறதெல்லாம் ஆஸ்பத்திரிக்குன்னு கடைசி வரியில இருக்கே.”

அந்த ஆஸ்பத்திரி நர்சம்மாவை எனக்குத் தெரியும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொட்டு மருந்து விடுகிறவர். வேகாத வெயிலில் பையோடு என் பட்டறையைத் தாண்டித்தான் நடந்து போவார்.

“நர்சம்மா வண்டி ஓட்டுமா மச்சான்?”

“உன்னைவிட ஒழுங்கா ஓட்டும்.”

“அப்ப இப்படியே இருக்கட்டும்.”

“மாப்ள, அவசரப்படாதே. உனக்கு அந்த வண்டின்னா உசுரு.”

“ரிப்பேருன்னா எங்கிட்டதானே வரணும்? வேற எவனாவது அதுல கை வெச்சுடுவானா?”

மச்சான் கீழே இறங்கியதும் சாவியை என் கையில் திணித்தார். “நான் இருக்கிற வரைக்கும் நீயே ஓட்டு. வியாழக்கிழமை மட்டும் என்னை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுடு.”

வண்டியைக் கிளப்பும்போதுதான் ஹாண்டில்பாருக்கு அடியில் துரு ஏறியிருப்பது கண்ணில் பட்டது. இந்த லட்சணத்தில்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் உட்கார்ந்த மச்சான், “ஃபிரேம் எடுப்பாத்தான் இருக்கு” என்றார்.

வாயை மூடிக்கொண்டு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.