சரசாவின் ஞாயிற்றுக்கிழமை

விபத்தில் என் கால்கள் செயலிழந்த பிறகு, என்னைக் குளிப்பாட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் சரசா வேலைக்கு வந்தாள். கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் கோயமுத்தூர் வருவாள். தொண்ணூறுகளில் இந்த வேலைக்கு லீவு என்று யாரும் பேசியதில்லை. ஒரு ஞாயிறு காலை, என் கணவர் சாவகாசமாகப் பேப்பர் படிப்பதைப் பார்த்தபோதுதான், சரசாவுக்கு அப்படியொரு நாளே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

“சரசா, இனி ஞாயித்துக்கெழம நீ வர வேண்டாம்” என்றேன்.

என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“ஏனுங்கக்கா, நான் ஏதாச்சும் தப்பு செஞ்சுபோட்டனுங்களா?” அவள் கண் கலங்கிவிட்டது.

“அதெல்லாம் இல்ல கண்ணு. வாரத்துல ஒரு நாள் லீவு. சம்பளம் கொறையாது. அன்னிக்கு அவரு என்னப் பாத்துக்குவாரு.”

நம்பாமலேதான் போனாள். அடுத்த ஞாயிறு என்னைத் தூக்க என் கணவர் ரொம்பத் தடுமாறினார். சரசா சினிமாவுக்குப் போயிருப்பாள் என்று பேசிக்கொண்டோம்.

திங்களன்று வந்தவளிடம், “நேத்து எங்க போனே?” என்று கேட்டேன்.

“எங்கயும் போகலீங்கக்கா. பொழுதுக்கும் தூங்கிப்போட்டனுங்க” என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

அவளுக்கும் அலுப்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குப் பின் வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், எந்தக் கிழமை லீவு வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் கேட்டேன்.