திதாஸ்கலோஸ் என்று கூப்பிடச் சொன்னவர்

ஆசிரியர் நாற்காலியைப் பறித்துவிட்டார்களாம், அந்த ரோஷத்தில்தான் பூட்டுக்காரர் வேத வகுப்பை விட்டுப் போனாராம்! யார் பார்த்தது? அந்த நாற்காலியை அவரிடம் யாரும் கேட்டதுகூட இல்லை. குழாயடியில் பேசுகிற வாய்களுக்குப் பூட்டுப் போட அவராலும் முடியாது.

நடந்தது வேறு. வாரமெல்லாம் கடையில் அரம் பிடித்துச் சாவி ராவுகிற மனிதர், ஞாயிறுதோறும் ஆலயத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பார். வேதத்தில் வருகிற ஆசிரியருக்குக் கிரேக்கத்தில் ‘திதாஸ்கலோஸ்’ என்று பெயர் எனப் பாதிரியார் ஒரு நாள் சொல்லிவைத்தார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் இனி எல்லோரும் தன்னை அப்படித்தான் அழைக்க வேண்டும், உறவுமுறை சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார்.

ஒரு ஞாயிறு, பொறுமையைப் பற்றிப் பாடம். கடைசி பெஞ்சிலிருந்து அவர் மகள் கேட்டாள்.

“ஏம்ப்பா, சாப்பாடு ஆறிப்போச்சுன்னு நேத்து தட்டைத் தள்ளிவிட்டீங்களே, அது எந்தப் பொறுமையில சேர்த்தி?”

அறை கொல்லென்று சிரித்தது. அவர் முகம் சிவந்தது.

“இங்க உனக்கு அப்பா யாரும் இல்ல. எழுந்து நின்னு, முறையா கூப்பிட்டுக் கேளு.”

தாயில்லாப் பெண். எழுந்து நின்றாள். “சரிங்க திதாஸ்கலோஸ்” என்றாள். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். “திதாஸ்கலோஸ், சாப்பாடு எடுத்து வச்சாச்சு. சூடாவே இருக்கு.” முதலில் அவரும் வீம்பாக இருந்தார். பிறகு, “போதும் விடும்மா” என்று கெஞ்சிப் பார்த்தார்.

“நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே” என்றாள்.

வேறு ஊர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிவிட்டாள். ‘தப்புதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாள்.

அவள் போன பிறகு பாதிரியாரிடம் போய் உட்கார்ந்தார். “அந்தப் பேருக்கு அர்த்தம்தான் என்னங்கய்யா?”

“சொல்லிக்கொடுக்கிறவர், அவ்வளவுதான். பெருமைப்பட என்ன இருக்கு? சொல்லிக்கொடுக்கிறவங்களுக்குத்தான் தீர்ப்பு கடுமையா இருக்கும்னு வேதமே எச்சரிக்குதே.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே. நீங்க பேரைக் கேட்டதும் எழுந்து போயிட்டீங்க.”

அடுத்த ஞாயிறு வகுப்பில் வேதத்தைத் திறந்தார். உடனே மூடினார். “பெத்த பொண்ணை எல்லார் முன்னாடியும் நோகடிச்சேன். முதல்ல அவகிட்ட மன்னிப்பு கேட்கணும்” என்று எழுந்துவிட்டார்.

“பாடத்தை முடிச்சிட்டுப் போங்களேன்” என்றார் முன்வரிசையில் இருந்த தையற்காரர். “அவ எங்க தங்கியிருக்கான்னாவது தெரியுமா?”

“ஆஸ்பத்திரி தெரியும். வாசல்ல நின்னு விசாரிச்சுக்கறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டி இறங்கினார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தருக்கும் அவரோடு போகத் தோன்றவில்லை.